வாசகர் கேள்வி – பதில்: வின்செஸ்டர் பேராலயத்தின் பழைய அஞ்சலட்டை

காரைக்குடி வாசகி ஒருவர் பழைய புத்தகங்களைக் கட்டாக விலைக்கு வாங்கியபோது, அவற்றின் இடையே செருகியிருந்ததாகச் சொல்லி அனுப்பிய ஓர் அஞ்சலட்டையின் இரு பக்கங்களையும் சென்ற இதழில் அச்சிட்டிருந்தோம். முன்பக்கத்தில், இங்கிலாந்தின் தெற்கே ஹாம்ப்ஷயர் வட்டாரத்திலுள்ள வின்செஸ்டர் பேராலயம், தென்புறத்துப் புல்வெளியிலிருந்து பார்த்தபடி வண்ணத்தில் இருக்கிறது. பின்பக்கம் ஒரு கோட்டால் இரண்டாகப் பிரிந்துள்ளது. வலப்பாதியில் இங்கிலாந்துக்குள்ளேயே உள்ள ஒரு முகவரியும் பச்சை நிற அரை பென்னி அஞ்சல் தலையும், இடப்பாதியில் நான்கு வரிச் செய்தியும் உள்ளன. அந்த அட்டையைக் குறித்து வந்த கேள்விகளுக்கே இவ்விதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

அஞ்சல் முத்திரையில் ஜூலை 19 என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆண்டு மட்டும் மை பரவி அழிந்துவிட்டது. இந்த அட்டை எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க வழியுண்டா?
– வாசகி, காரைக்குடி

உண்டு. ஆனால் ஒரு பட அஞ்சலட்டையில் மூன்று காலங்கள் சேர்ந்திருக்கின்றன என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்: படம் எடுக்கப்பட்ட காலம், அட்டை அச்சான காலம், அது அஞ்சலில் சேர்க்கப்பட்ட காலம். பதிப்பாளர்கள் நன்றாக விற்கும் ஒரு படத்தை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் அச்சிட்டு வந்தார்கள் என்பதால், இம்மூன்றையும் தனித்தனியே கணிப்பதுதான் சரியான முறை.

அச்சான காலத்தைப் பின்பக்கத்துக் கோடு சொல்கிறது. பிரிட்டனில் தனியார் அச்சிட்ட பட அட்டைகளை அஞ்சலில் அனுப்ப 1894 செப்டம்பர் 1 முதல் அனுமதி கிடைத்தது. அப்போது ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது என்ற விதி இருந்தமையால், செய்தி எழுத விரும்பியவர்கள் படத்தின் ஓரத்தில் விடப்பட்ட வெற்றிடத்தில்தான் நுணுக்கி எழுத வேண்டியிருந்தது. 1902 ஜனவரியில், உலகிலேயே முதன்முதலாக, பிரிட்டிஷ் அஞ்சல் துறை முகவரிப் பக்கத்தைப் பிரித்து ஒரு பாதியில் செய்தி எழுதிக்கொள்ள இசைவளித்தது. பிரான்ஸ் 1904இலும், ஜெர்மனி 1905இலும், அமெரிக்கா 1907இலும் அதே வழிக்கு வந்தன. ஆகவே உங்கள் அட்டை 1902க்கு முந்தியதாக இருக்க முடியாது. அடியில் பொடி எழுத்தில் 'சாக்சனியில் அச்சிடப்பட்டது' என்றிருப்பது மறு எல்லையைக் காட்டுகிறது. சாக்சனி ஜெர்மனியின் ஒரு பகுதி. வண்ண அச்சில் அந்நாளில் ஜெர்மன் அச்சகங்களே முன்னணியில் இருந்தன. பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் பலர் புகைப்படங்களை அங்கே அனுப்பி அட்டைகளாகத் தருவித்துக்கொண்டார்கள். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டதும் அந்த வணிகம் அறுந்துபோயிற்று.

அஞ்சலில் சேர்த்த காலத்துக்கு அஞ்சல் தலையைப் பார்ப்போம். அதில் உள்ளவர் ஐந்தாம் ஜார்ஜ் அரசர். அவருடைய உருவம் தாங்கிய தலைகள் 1911 ஜூன் 22, முடிசூட்டு விழா நாளில்தான் விற்பனைக்கு வந்தன. உள்நாட்டு அட்டைக்குரிய அரை பென்னிக் கட்டணம் 1918 ஜூன் 3 அன்று ஒரு பென்னியாக உயர்ந்தது. இந்த இடைவெளியில் ஏழு ஜூலை மாதங்கள் வருகின்றன. ஆயினும் உங்கள் தலையில் அரசரின் முகம் பக்கவாட்டில் முழுதாகத் திரும்பாமல், முக்கால் பங்கு நம்மை நோக்கியபடி இருப்பதைக் கவனியுங்கள். டௌனி என்ற நிறுவனம் எடுத்த புகைப்படத்தை ஒட்டி வரையப்பட்ட இந்த முதல் வடிவம் மக்களுக்குப் பிடிக்கவில்லை. கடுமையான குறைகூறலுக்குப் பின் அதைக் கைவிட்டு, 1913 தொடக்கத்தில் பக்கவாட்டு முகம் கொண்ட புதிய அரை பென்னித் தலையை வெளியிட்டார்கள். பழைய இருப்பு சில மாதங்கள் கையில் புழங்கியிருக்கலாம் என்றாலும், 1911, 1912 ஆகிய இரண்டு ஜூலைகளே முதன்மையாக எஞ்சுகின்றன. இவற்றில் 1911இன் ஜூலை, இங்கிலாந்தில் நெடுங்காலம் பேசப்பட்ட வெப்ப அலையின் மாதம். வானம் வறண்டு கிடந்தது. உங்கள் அட்டையை எழுதியவரோ மழையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டு குடை கேட்கிறார். எனவே 1912 ஜூலை 19 என்பதே என் கணிப்பு.

எஞ்சியிருப்பது படம் எடுக்கப்பட்ட காலம். இதைத் தாளோ தலையோ சொல்லாது, கட்டடம்தான் சொல்ல வேண்டும். இன்று வின்செஸ்டரின் தென்புறத்தில் நின்று பார்த்தால், நடுக்கூடத்தின் நீளச் சுவரை வெளியிலிருந்து தாங்கி நிற்கும் கல் முட்டுகள் வரிசையாகக் கண்ணில் படும். அவை பழையவை அல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்து 1912இல் நிறைவுற்ற பெரும் பழுதுபார்ப்பின்போது எழுப்பப்பட்டவை. முற்காலத்தில் அந்தச் சுவரை ஒட்டித் துறவியரின் சுற்றுமண்டபம் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அது இடிக்கப்பட்ட பின், சுவருக்கு அந்தப் பக்கத்தில் ஆதரவு குறைந்துபோயிற்று. உங்கள் அட்டையில் தென்சுவர் முட்டுகள் ஏதுமின்றி வெறுமையாக நிற்கிறது. ஆகவே புகைப்படம் அந்தப் பணிக்கு முந்தியது. அட்டையை வாங்கியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால், படத்தில் இல்லாத புத்தம் புதிய கல்வேலை எதிரே நின்றிருக்கும்.

கல் இளஞ்சிவப்பாகவும் வானம் கருநீலமாகவும் இருக்கின்றன. கட்டடம் உண்மையிலேயே அந்த நிறமா?
– வாசகர், தஞ்சாவூர்

இல்லை. எடுத்தது கறுப்பு வெள்ளைப் படம். நிறங்கள் அச்சகத்தில் சேர்க்கப்பட்டவை. சேர்த்தவர் அந்த ஊரைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டடத்துக்கான சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி, இங்கிலாந்தின் தென்கரையை அடுத்துள்ள வைட் என்ற தீவிலிருந்து வந்தது. அது வெளிறிய சாம்பல் வெண்மை. வானத்து மேகங்களையும் பல பதிப்பாளர்கள் பின்னால் வரைந்து சேர்த்தார்கள் என்பதால், பழைய வண்ண அட்டையைக் கட்டட அமைப்புக்குச் சான்றாகக் கொள்ளலாம், நிறத்துக்கும் வானிலைக்கும் கொள்ளக் கூடாது. பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள்: அச்சு அட்டையாக இருந்தால் ஒழுங்கான புள்ளிகளோ நுண்மணல் போன்ற சொரசொரப்போ தெரியும். புகைப்படத் தாளிலேயே நேரடியாக எடுத்த அட்டையாக இருந்தால் புள்ளிகளின்றி நிழல்கள் வழுவழுப்பாக ஒன்றில் ஒன்று கரையும்.

செய்தியில், 'சுவிதுன் சொன்ன சொல் தவறவில்லை, என் குடையை அனுப்பி வை' என்று எழுதியிருப்பதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். யார் இந்தச் சுவிதுன்?
– வாசகி, நாகர்கோவில்

ஒன்பதாம் நூற்றாண்டில் வின்செஸ்டரின் ஆயராக இருந்தவர். அவ்வூரின் காவல் புனிதர். தம்மைக் கோயிலுக்குள் புதைக்காமல், மழைநீர் விழும் இடத்திலும் மக்கள் நடக்கும் இடத்திலும் வெளியே புதைக்குமாறு கேட்டுக்கொண்டார் என்பது மரபு. 971 ஜூலை 15 அன்று அவருடைய எலும்புகளை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். அதை விரும்பாத புனிதர் மழையைப் பொழிவித்தார் என்ற கதை பின்னால் வளர்ந்து, ஜூலை 15 அன்று மழை பெய்தால் அடுத்த நாற்பது நாளும் பெய்யும் என்ற நம்பிக்கையாக இங்கிலாந்து முழுவதும் பரவியது. வானிலைப் பதிவுகள் இதை ஆதரிக்கவில்லை. ஆனாலும் அந்த நாளில் வானத்தை அண்ணாந்து பார்க்கும் வழக்கம் அங்கே இன்னும் போகவில்லை.

அட்டை எழுதப்பட்ட நாளுக்கு நான்கு நாள் முந்தியது அந்தத் திருநாள். என் கணிப்பின்படி ஆண்டு 1912 என்றால், அதே ஜூலை 15 அன்றுதான் ஐந்தாம் ஜார்ஜ் அரசரும் மேரி அரசியும் பேராலயத்துக்கு வந்து, கட்டடம் காப்பாற்றப்பட்டதற்கான நன்றி வழிபாட்டில் கலந்துகொண்டார்கள். எழுதியவர் அதைக் காண வந்தவரா, கோடை விடுமுறைக்கு வந்தவரா என்று நான்கு வரியை வைத்துச் சொல்ல முடியாது. ஊர் முழுவதும் அந்த நிகழ்ச்சியைப் பேசிக்கொண்டிருந்த வாரம் அது என்பது மட்டும் உறுதி.

இவ்வளவு நீளமான கட்டடத்துக்கு இத்தனை குட்டையான கோபுரமா? படத்தில் ஏதேனும் வெட்டப்பட்டுவிட்டதா?
– வாசகர், திருநெல்வேலி

எதுவும் வெட்டப்படவில்லை. சாலிஸ்பரி பேராலயத்தின் ஊசிக்கோபுரம் 123 மீட்டர் உயரத்தில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு வின்செஸ்டர் ஏமாற்றமாகத் தோன்றுவது இயல்பே. இங்கே பெருமை நீளத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 170 மீட்டர் நீளமுள்ள இது, ஐரோப்பாவின் இடைக்காலப் பேராலயங்களில் மிக நீண்டவற்றுள் ஒன்று.

வட பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்ற சில ஆண்டுகளுக்குள், 1079இல், ஆயர் வால்கெலின் இதைக் கட்டத் தொடங்கினார். கூரைக்கு மரம் வேண்டி அவர் அரசரைக் கேட்டதாகவும், நான்கு பகல் நான்கு இரவுக்குள் வெட்ட முடிந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று அரசர் சொன்னதாகவும், ஆயர் கிடைத்த தச்சர்களையெல்லாம் திரட்டி அந்தக் காட்டையே மொட்டையடித்துவிட்டதாகவும் துறவியரின் ஆண்டுக்குறிப்பு கூறுகிறது. 1093இல் துறவியர் புதிய கோயிலுக்குள் குடிபுகுந்தார்கள். வேட்டையில் அம்பு பாய்ந்து இறந்த இரண்டாம் வில்லியம் அரசரை 1100இல் நடுக்கோபுரத்தின் அடியில் புதைத்தார்கள். ஏழே ஆண்டுகளில் கோபுரம் இடிந்து விழுந்தது. துறவியருக்கு வேண்டாத அரசர் அவர். பாவியைப் புதைத்த குற்றம்தான் காரணம் என்று பலர் நம்பினார்கள். கட்டுமானக் குறை என்பதே பொருத்தமான விளக்கம். மீண்டும் கட்டியபோது தூண்களை மிகப் பருமனாக அமைத்து, கோபுரத்தைத் தாழ்வாகவே நிறுத்திக்கொண்டார்கள். அந்தத் தாழ்ந்த கோபுரம்தான் அட்டையில் உள்ளது. நீண்ட கூரையின் கோடு குறுக்கீடின்றி ஓடுவதற்கு அதுவே உதவுகிறது என்பதால், இந்தக் கட்டடத்துக்கு ஊசிக்கோபுரம் வேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

வெளியிலிருந்து எடுத்த படத்தில் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் ஆயர் எடிங்டனும், அவருக்குப் பின் வந்த விக்கம் வில்லியமும் நடுக்கூடத்தைப் புதுப்பித்தபோது, தலைமைக் கொத்தர் வில்லியம் வின்ஃபோர்ட் பழைய நார்மானியத் தூண்களை இடித்துத் தள்ளாமல், அவற்றின் கல்லையே செதுக்கியும் மேலே புதிய கல் போர்த்தியும், கூர்முனை வளைவுகள் கொண்ட புதிய பாணிக்கு மாற்றினார். அந்தக் கூடத்தின் வடபக்க இடைவழியில்தான் 1817இல் இறந்த நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவருடைய கல்லறைக் கல்லில் அவர் எழுதிய நாவல்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுத்தாளர் என்ற குறிப்பு 1872இல் அருகே வைத்த பித்தளைத் தகட்டில்தான் வந்தது.

ஒரு முக்குளிப்பவர் இந்தப் பேராலயத்தைக் காப்பாற்றினார் என்று படித்தேன். தரையில் நிற்கும் கட்டடத்தில் முக்குளிப்பவருக்கு என்ன வேலை?
– வாசகர், புதுச்சேரி

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். கதை முழுக்க உண்மை.

வின்செஸ்டர் பேராலயம் இட்சென் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஈர நிலத்தில் நிற்கிறது. நிலவறையில் இன்றும் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி நிற்கும். கிழக்குப் பகுதியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரித்துக் கட்டியவர்கள், சேற்று நிலத்தில் மரக்கட்டைகளைப் பரப்பி அதன்மேல் அடித்தளம் அமைத்திருந்தார்கள். அதற்குக் கீழே மட்கிய தாவரங்கள் படிந்த மெத்தென்ற கரிமண். அதற்கும் கீழேதான் உறுதியான சரளைப் படுகை. எழுநூறு ஆண்டுப் பாரத்தில் கரிமண் அமுங்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்குச் சுவர்கள் வெளிப்பக்கம் சாய்ந்து, வெடிப்புகள் விரிந்து, வளைகூரையிலிருந்து கல் உதிரத் தொடங்கியது.

கட்டடக் கலைஞர் தாமஸ் ஜாக்சனும் பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸும் சுவருக்கடியில் குழி தோண்டிக் கரிமண்ணை அகற்றி, சரளை வரை புதிய அடித்தளம் இறக்கத் திட்டமிட்டார்கள். தோண்டியவுடன் நீர் பீறிட்டது. விசைக் குழாயால் இறைத்தால் நீரோடு நுண்மண்ணும் வெளியேறி, எஞ்சிய நிலமும் இளகிச் சுவர் மேலும் இறங்கிவிடும். எனவே நீரை இறைக்காமல், நீருக்குள்ளேயே வேலை செய்ய வேண்டும் என்று ஃபாக்ஸ் முடிவு செய்தார். அதற்காக வரவழைக்கப்பட்டவர்தான் வில்லியம் வாக்கர்.

1906 முதல் 1911 வரை, நாளுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம், சில இடங்களில் 6 மீட்டர் ஆழம் வரை அவர் இறங்கினார். சேறு கலங்கிய நீரில் விளக்கு பயன்படாது. முழுக்கக் கையால் தடவித்தான் வேலை. குழியின் அடியில் மிஞ்சிய கரிமண்ணை வெட்டி அகற்றி, சரளையின் மேல் கான்கிரீட் மூட்டைகளைச் செங்கல் பாவுவதுபோல் அடுக்கி, அவற்றைக் கீறிவிடுவார். கான்கிரீட் இறுகி நீரின் வழியை அடைத்தபின்தான் குழியை இறைத்துக் காயவிட, கொத்தர்கள் இறங்கி மேலே சுவர் வரை கட்டி முடிப்பார்கள். பிறகு அடுத்த குழி. சுவரை ஒரே நேரத்தில் நீளமாகத் திறந்துவிட்டால் சரிந்துவிடும் என்பதால், சிறு சிறு பகுதியாகவே நகர முடிந்தது. பேராலயத்தின் கணக்குப்படி, இந்தப் பணிக்கு 25,800 மூட்டைக் கான்கிரீட்டும், 1,14,900 கான்கிரீட் கட்டிகளும், 9 லட்சம் செங்கற்களும் செலவாயின. உடையும் ஈயப் பாரமும் காலணியும் சேர்ந்து 90 கிலோ அளவுக்கு இருந்தமையால், இடைவேளையில் அவற்றைக் களைந்து மீண்டும் அணிவது பெரும்பாடு. தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்து உணவு உண்பாராம்.

வேலை அவர் ஒருவருடையது அன்று. ஏறத்தாழ 150 தொழிலாளர்கள் உழைத்தார்கள். எனினும் அவர் கீழே மூட்டையைப் பாவாமல் மேலே ஒருவரும் ஒரு செங்கல்லும் வைத்திருக்க முடியாது. நன்றி வழிபாட்டின்போது அரசர் அவரைச் சிறப்பித்தார். 1918இல், உலகையே உலுக்கிய இன்ஃபுளுவென்சா காய்ச்சலில் அவர் இறந்தார். 1964இல் பேராலயத்தில் அவருக்கென்று ஒரு சிறு சிலை வைத்தார்கள். ஆனால் சிற்பி தவறான புகைப்படத்தைப் பார்த்துச் செய்ததால், அதில் அமைந்த முகம் பொறியாளர் ஃபாக்ஸுடையது. வாக்கரின் முகம் கொண்ட சிலை 2001இல்தான் வைக்கப்பட்டது. உடலால் உழைத்தவருக்குத் தம் முகம் கிடைக்க இத்தனை ஆண்டு பிடித்தது எனக்கு வருத்தம் தருகிறது.

உங்கள் கண்ணில் படும் வின்செஸ்டர் அட்டைகளில் கிழக்குப் புறத்தில் சாரமோ, மரத் தடுப்போ, குவித்த கல்லோ தெரிந்தால், அது இந்த ஆண்டுகளில் எடுத்த படமாக இருக்க வாய்ப்புண்டு, ஒதுக்கிவிடாதீர்கள்.

அஞ்சல் தலையை வேண்டுமென்றே சாய்த்து ஒட்டியதுபோல் இருக்கிறதே?
– வாசகி, யாழ்ப்பாணம்

அது வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம். தலையை எந்தப் பக்கம் சாய்த்தால் என்ன பொருள் என்று விளக்கும் அட்டைகளே அக்காலத்தில் விற்பனையாயின. காதலர்களிடையே வழங்கிய விளையாட்டு அது. ஆனால் ஓர் அட்டை சொல்லும் பொருளை இன்னோர் அட்டை சொல்வதில்லை. குடை கேட்கும் செய்தியில் காதலைத் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இதற்கு இன்று என்ன விலை கிடைக்கும்?
– வாசகர், கோயம்புத்தூர்

அதிகம் கிடைக்காது. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் அஞ்சல் துறை ஆண்டுக்கு 80 கோடிக்கும் மேற்பட்ட அஞ்சலட்டைகளைக் கையாண்டது. ரஃபேல் டக், வாலன்டைன், ஃப்ரித் போன்ற பெரிய நிறுவனங்கள் எல்லாப் பேராலயங்களையும் பல கோணங்களில் வெளியிட்டன. ஆகவே பேராலய அட்டைகள் ஏராளமாக எஞ்சியுள்ளன. பெரும்பாலானவை ஓரிரு பவுண்டுக்கே போகும். சேகரிப்போர் கூடுதல் விலை கொடுப்பது, உள்ளூர்ப் புகைப்படக்காரர் சில பிரதிகளே எடுத்த நிகழ்ச்சிப் படங்களுக்கும், கடைத்தெரு, வேலையாட்கள், ஊர்வலம் போன்றவற்றுக்கும்தான்.

எழுதப்படாத தூய அட்டையே மேல் என்று சில வணிகர்கள் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. இந்த அட்டையில் தலையும் முத்திரையும் நான்கு வரியும் இல்லாதிருந்தால், மேலே சொன்னவற்றில் பாதியை யாராலும் கண்டறிந்திருக்க முடியாது. அதனால்தான், தலைக்கு ஆசைப்பட்டு அட்டையை நீரில் ஊறவைத்து உரித்தெடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை. அந்த அரை பென்னித் தலை மலிவாகக் கிடைக்கும் சாதாரணத் தலை. அட்டையிலிருந்து பிரித்தால் இரண்டுமே பயனற்றுப் போகும்.

கடலோர ஈரத்தில் இருக்கிறோம். இத்தகைய அட்டைகளை எப்படிப் பாதுகாப்பது?
– வாசகி, நாகப்பட்டினம்

மெல்லிய பிளாஸ்டிக்கை இருபுறமும் வைத்துச் சூட்டில் ஒட்டும் லேமினேஷனை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. கிழிந்த மூலையில் செல்லோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை பழுத்து நிரந்தரக் கறையாகும். கடையில் கிடைக்கும் மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து அச்சு மையை இழுத்துவிடும் என்பதால், பாலியெஸ்டர் உறையோ அமிலம் இல்லாத தாள் உறையோ வாங்குங்கள். உறைகளை நெருக்காமல் ஓர் அட்டைப்பெட்டியில் நிற்கவைத்து, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு ஈரமும் இருட்டும் பழைய பசையும் மிகவும் பிடிக்கும். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதே அதற்கு நல்ல மருந்து. பாச்சை உருண்டையை அட்டைகளோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

விவரம் எழுத வேண்டுமானால் உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள், அட்டையில் வேண்டாம். கூடத்தில் சட்டமிட்டு மாட்ட விரும்பினால், இரு பக்கங்களையும் நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து அந்தப் பிரதியை மாட்டுங்கள். அக்கால வண்ண மைகள் நம் ஊர் வெயிலில் விரைவில் வெளுத்துவிடும்.